மாடிப்படி ரெயிலிங்கில் பெயிண்ட் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்கும் இடங்களிலேயே அதிகம் அடிபடுவது மாடிப்படி ரெயிலிங்தான். சுவரை யாரும் நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பதில்லை. கைப்பிடியை வீட்டில் உள்ள அத்தனை பேரும் பிடிக்கிறார்கள். வியர்வை, கையில் தடவிய கிரீம், சமையலறை எண்ணெய் எல்லாம் அங்கே வந்து படிகிறது. அடியில் தரை துடைக்கும் ஈரம். நடுவில் பையும் பக்கெட்டும் இடிக்கிற இடி. சுவருக்கு அடித்த மாதிரியே இதற்கும் அடித்துவிட்டால் சில மாதங்களில் ஏதோ ஒரு கோளாறு தலைகாட்டிவிடும்.

இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். கைப்பிடியின் மேல்பக்கம் மட்டும் கெட்டிருந்தால் கை எண்ணெய். தரையை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் என்றால் தண்ணீர். இணைப்புகளில் மட்டும் என்றால் அசைவு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால், அடித்த பெயிண்டும் அடியில் உள்ள பரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆகவே டப்பாவைத் திறக்கும் முன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்து, கெட்ட இடங்களில் எல்லாம் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். பிறகு தள்ளி நின்று டேப் எங்கே கூட்டமாக இருக்கிறது என்று பாருங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

ரெயிலிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். பெயிண்ட் வேலை அப்புறம்தான்.

பழைய பெயிண்ட் என்ன வகை என்று பாருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையைச் சோப்பு நீரால் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினாலோ பரப்பு பிசுபிசுத்தாலோ அது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட். ஒன்றும் ஆகாவிட்டால் அநேகமாக எண்ணெய் எனாமல்.

என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. இரும்பிலும் ஒரு பெயிண்ட் செதிலைக் கிளப்பி அடியில் பாருங்கள்: வெளிர் சாம்பல் நிறத்தில் மங்கலாக, துருவே இல்லாமல் இருந்தால் அது துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய். இந்த ஒரு விஷயம் பிறகு மிகவும் உதவும். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ.

வீடு பல பத்தாண்டுகள் பழையது, அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருக்கிறது என்றால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் சேர்த்திருப்பார்கள். இன்று பல நாடுகளில் சட்ட வரம்பு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. பழைய பெயிண்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும். ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஈயம் உண்டு என்று வந்தால் காய்ந்த பரப்பைத் தேய்ப்பதும், சூடு காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. அந்த வேலை அதற்கான பயிற்சி உள்ளவர்களுடையது.

## அறிகுறி: கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது

### பெயிண்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை

அநேகமாகக் கோளாறே இல்லை. தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுக்க இறுகிய நிலை வேறு. எண்ணெய் எனாமல் சில மணி நேரத்தில் மேலே காய்ந்ததாகத் தெரியும். இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். தண்ணீர் எனாமல் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் முழு உறுதி வர மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும். மழைக்காலத்தில் இன்னும் தாமதம். ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

இந்த நாட்களில்தான் ரெயிலிங் கெட்டுப்போகிறது. வீட்டில் உள்ளவர்கள் படி ஏறித்தானே ஆக வேண்டும்? அதனால் கைப்பிடியைக் கடைசியில், இரவு எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் அடிப்பது நல்லது. படிக்கு இரண்டு பக்கமும் ரெயிலிங் இருந்தால் ஒரு வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம்.

### இரண்டு வாரம் ஆகியும் ஒட்டுகிறது

கட்டை விரலை அழுத்தி லேசாகத் திருகுங்கள். மேல்தோல் சுருங்கி அடியில் மெத்தென்று இருந்தால் கோட் தடிமனாகிவிட்டது. காற்றோட்டத்தோடு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். அதற்கும் இறுகாவிட்டால் சுரண்டி எடுப்பதுதான் வழி. மேலே இன்னொரு கோட் அடித்தால் அடியில் உள்ள ஈரத்துக்கு மூடி போட்டது போல ஆகும். பவுடர் தூவி மறைக்கும் பழக்கமும் உண்டு. பிசுபிசுப்பு அப்படியே இருக்கும், அழுக்கு மட்டும் சேரும்.

தடிமன் இல்லாமலேயே ஒட்டினால், என்ன தின்னர் கலந்தோம் என்று யோசியுங்கள். எனாமலில் மண்ணெண்ணெய் கலந்து நீட்டுவது பலர் செய்வது. மண்ணெண்ணெய் ஆவியாக வெகுநேரம் பிடிக்கும், படலம் இறுகாது. டப்பாவில் எழுதியிருக்கும் தின்னர், எழுதியிருக்கும் அளவு, அவ்வளவுதான்.

மரம் தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ளதாக இருந்தால் அந்த எண்ணெயே எனாமலைக் காயவிடாது. சுரண்டி எடுத்த பிறகு வெற்று மரத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த கையோடு பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

### நன்றாக இருந்தது, மாதங்கள் கழித்து மேல்பக்கம் மட்டும் ஒட்டுகிறது

ரெயிலிங்குக்கே உரிய கோளாறு இது, அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பெயிண்ட் மட்டம், கம்பெனி சரியில்லை என்பார்கள். கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். கை படும் இடம் மட்டும் இளகியிருக்கும். தோலின் எண்ணெயும் கிரீமும் தண்ணீர் பெயிண்டின் படலத்துக்குள் இறங்கி அதை மென்மையாக்கிவிடுகின்றன. சுவருக்கு வாங்கியதில் மீந்த எமல்ஷனைக் கைப்பிடிக்கு அடித்திருந்தால் இது கட்டாயம் வரும்.

முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரால் நன்றாகக் கழுவித் துடைத்து ஒரு நாள் விடுங்கள். சில சமயம் மேலே படிந்த அழுக்குதான் ஒட்டிக்கொண்டிருக்கும், கழுவியதோடு தீர்ந்துவிடும்.

கழுவியும் ஒட்டினால், இளகிய படலத்தை முழுக்க எடுத்தாக வேண்டும். உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்ளும் என்பதால் முதலில் சுரண்டியால் வழியுங்கள். உறுதியான அடுக்கு வந்ததும் எண்ணெய் நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடையுங்கள், இரண்டாவது முறை புதுத் துணியால். வரிசை முக்கியம்: துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு 180 நம்பர் தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ஒட்டுதிறன் கூடிய பிரைமர் ஒரு கோட், மேலே எனாமல் மெல்லியதாக இரண்டு கோட். தண்ணீர் பெயிண்ட்தான் வேண்டும் என்றால் ஆல்கிட் (எண்ணெய் எனாமலில் இருக்கும் பிசின்) கலந்த தண்ணீர் எனாமல் அல்லது பாலியூரித்தேன் கலந்ததை எடுங்கள். கை எண்ணெயை அவை வெகுவாகத் தாங்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டியது: கூட்டம் அதிகம் புழங்கும் வீடு, எது அடித்தாலும் ஓராண்டில் இளகுகிறது என்றால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் கோட் நல்ல தீர்வு. அதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சரியான முகக்கவசம் வைத்திருக்கும் பெயின்டர்தான் அதை ஸ்பிரே செய்ய வேண்டும்.

## அறிகுறி: தோல் தோலாக உரிகிறது

உரிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

### முதுகு வழவழவென்று சுத்தமாக இருக்கிறது

பளபளப்பான பழைய பெயிண்டின் மேல் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள், அல்லது எண்ணெய் எனாமல் மேல் பிரைமர் இல்லாமல் தண்ணீர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய, நன்றாக இருப்பதாகத் தெரியும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்த இடமும் நாளை உரியப்போகிறது. கைப்பிடி, நிற்கும் கம்பி, கீழ்ப்பட்டை என்று பல இடங்களில் இதைச் செய்யுங்கள்.

ஓரிரு இடங்களில் மட்டும் வந்தால் அந்த இடங்களைச் சுரண்டி, விளிம்பை 120 நம்பர் தாளால் மட்டமாக்கி, 180 நம்பரால் சுற்றிலும் பளபளப்பைக் கொன்று, பிரைமர் வைத்து ஒட்டுப்போடலாம். விரலை ஓட்டினால் மேடு தட்டக் கூடாது. எங்கே சோதித்தாலும் வருகிறது என்றால் ஒட்டுப்போடுவது காலவிரயம்.

### முதுகில் பழைய பெயிண்டும் சேர்ந்து வருகிறது

மேல் கோட்டில் குற்றமில்லை, அடியில் உள்ள பழைய அடுக்கு பிடிப்பை விட்டுவிட்டது. அது விடாமல் பிடிக்கும் இடம்வரை சுரண்ட வேண்டும். ஈயச் சோதனையை மறக்காதீர்கள். இங்கேதான் அது தேவைப்படும்.

### ஜிஐ குழாய், பட்டை பட்டையாகக் கழன்று வருகிறது

துத்தநாகத்தின் மேல் நேரடியாக எண்ணெய் எனாமல் அடித்தால் இப்படித்தான் ஆகும். எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து நடுவில் சோப்பு போன்ற படலம் உண்டாகிறது. எத்தனை கோட் அடித்தாலும் தங்காது. முழுக்க உரித்து, எண்ணெய் போகத் துடைத்து, துத்தநாகத்துக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பிரைமரை அடியுங்கள். துத்தநாகப் பூச்சே போய்விடும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம், துருவைத் தடுப்பது அதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நான் சொல்வது: முடிந்தால் பெயிண்ட் அடிக்காதீர்கள். கை படும் இடத்தில் அதன்மேல் பெயிண்டை நிறுத்துவது வீட்டில் செய்கிற வேலையில் மிகக் கடினம்.

ஆளைக் கூப்பிட வேண்டியது: டேப் சோதனை செய்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உரிந்தால். இரும்பு ரெயிலிங் போல்ட்டைக் கழற்றி எடுக்கும்படி இருந்தால், பட்டறைக்குக் கொண்டுபோய் மணல் பீய்ச்சிச் சுத்தம்செய்து பவுடர் கோட்டிங் போட்டுவிடுவது, பல வாரம் உட்கார்ந்து சுரண்டுவதைவிட நல்லது. கழற்றிய இடத்தில் தற்காலிகத் தடுப்பு இல்லாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள்.

## அறிகுறி: பெயிண்டைத் துளைத்துத் துரு வருகிறது

### ஊசிமுனைப் புள்ளிகளாக

துருவை முழுக்க எடுக்காமல் அடித்திருக்கலாம், அல்லது வெற்று இரும்பின்மேல் தண்ணீர் பிரைமர் ஈரமாக இருக்கும்போதே துரு பூத்திருக்கலாம். வெல்டிங் போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் என்றால், தெறித்து ஒட்டிய மணிகளையும் கசடையும் யாரும் தட்டி எடுக்கவில்லை. உளியால் தட்டி, கம்பி பிரஷால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். பள்ளங்களில் இறுகிக் கிடக்கும் துருவுக்குத் துரு மாற்றியைத் தடவுங்கள். அது கறுத்து இறுகிய பின், டப்பாவில் சொன்ன நேரம் கழித்து, துத்தநாகப் பாஸ்பேட் அல்லது ரெட் ஆக்ஸைடு பிரைமர். ரெட் ஆக்ஸைடு அடித்ததோடு நிறுத்தி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிரைமர் தனியாக ஈரத்தைத் தாங்காது.

### கம்பியின் விளிம்புகளில் மட்டும்

சதுரக் கம்பியின் கூர்மையான விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்காது, இரண்டு பக்கமும் விலகி மெல்லியதாகிவிடும். விளிம்பை அரத்தால் லேசாக மழுக்குங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பு விளிம்புகளில் மட்டும் சிறு பிரஷால் ஒரு வரி இழுத்துவிட்டுப் பிறகு முழுக்க அடியுங்கள். சாவியும் பையும் இடித்துப் பெயிண்ட் தெறித்துப்போவதும் இந்த விளிம்புகளில்தான், அதற்கும் இதுவே மருந்து.

### தரையை ஒட்டிய அடிப்பகுதியில்

தரை துடைக்கும் ஈரம். அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவே இடுக்கு இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தூணைத் தட்டிக்கொண்டே கீழே வாருங்கள். கணீரென்ற ஓசை அடியில் மட்டும் மழுங்கினால் குழாய் உள்ளிருந்து அரித்துவிட்டது. முனையால் குத்திப் பாருங்கள். அமுங்கினால் அல்லது துளைத்தால் வேலையை நிறுத்துங்கள். பட்டி வைத்து மறைக்கவே கூடாது. மறைத்தால் யாரோ ஒருவர் நம்பிச் சாயும் நாளில்தான் அது தெரியவரும். வெல்டரைக் கூப்பிட்டு அந்தத் துண்டை மாற்றுங்கள்.

ஓசை நன்றாக இருந்தால் துருவை எடுத்து, பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்து, காய்ந்த பிறகு இடுக்கை அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சீலன்டால் அடைத்துவிடுங்கள். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பிறகு பெயிண்ட் ஒட்டாது.

## அறிகுறி: வெள்ளை மஞ்சளாகிறது, பழுப்புக் கறை தெரிகிறது

ஜன்னல் பக்கம் வெள்ளையாகவும் இருட்டான திருப்பத்தில் மஞ்சளாகவும் இருந்தால் அது எண்ணெய் எனாமல். வெளிச்சம் இல்லாத இடத்தில் அது மஞ்சளடிக்கும், எந்தக் கம்பெனியுடையது ஆனாலும். கழுவினால் போகாது. 220 நம்பர் தாளால் தேய்த்து, ஒட்டுதிறன் பிரைமர் வைத்து, தண்ணீர் எனாமலுக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு.

புதிதாக அடித்த எனாமல் ஓரிரு நாளில் மஞ்சளானால், பக்கத்துச் சுவருக்கு அப்போதுதான் எமல்ஷன் அடித்தார்களா என்று கேளுங்கள். காயும்போது எமல்ஷனிலிருந்து வரும் அம்மோனியா ஆவி புது எனாமலை மஞ்சளாக்கும். சுவர் வேலை முழுக்க முடிந்து காற்றோடிய பிறகே ரெயிலிங்குக்கு வாருங்கள்.

மரத்தில் வட்டமான பழுப்புப் புள்ளி என்றால் அடியில் கணு. நீளமான கறை என்றால் மரச்சாறு. மேலே எத்தனை வெள்ளை அடித்தாலும் ஏறிவரும். அரக்கு கலந்த கறைத்தடுப்பு பிரைமரை அந்த இடத்தில் இரண்டு முறை வையுங்கள், நின்றுவிடும்.

## அறிகுறி: வழிந்த சொட்டு, பிரஷ் கோடு, மணல்மணலான பரப்பு

சொட்டு பாதி காய்ந்திருக்கும்போது தொட்டால் பெரிதாகும். முழுக்க இறுகவிட்டு, பிளேடால் சீவி, 320 நம்பர் தாளால் தேய்த்து ஒரு கோட். இனி வராமலிருக்க: பிரஷின் நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோயுங்கள். ஐந்தாறு கம்பி அடித்ததும் திரும்பி வந்து அடியில் சொட்டு தொங்குகிறதா பாருங்கள்.

பிரஷ் கோடு விழுந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது அடித்த இடத்தையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறீர்கள். மணல்மணலாக இருந்தால் படியின் தூசி. அடிக்கும் முன் படிகளை ஈரத்துணியால் துடையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பழைய டப்பாவாக இருந்தால் மெல்லிய துணியில் பெயிண்டை வடிகட்டுங்கள்.

சிறு சிறு குழிகளாகப் பெயிண்ட் விலகினால் அங்கே சிலிகான் பாலிஷோ மெழுகோ இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, எண்ணெய் நீக்கி, மறுபடி தொடங்குங்கள். தோல் சுருங்கியது போல ஆனால் முதல் கோட் இறுகும் முன் இரண்டாவது ஏறிவிட்டது, அல்லது எனாமல்மேல் என்சி தின்னர் (லாக்கரில் கலக்கும் வீரியமான தின்னர்) பட்டுவிட்டது. இறுகிய பின் தேய்த்து மட்டமாக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எனாமலும் ஆளிவிதை எண்ணெயும் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.

## அறிகுறி: இணைப்பில் விரிசல், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வருகிறது

ஒருவர் கைப்பிடியை ஆட்ட, இன்னொருவர் விரிசலில் விரல் வைத்துப் பாருங்கள். அசைவு தெரியாவிட்டால் பட்டி மட்டும்தான் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அதைக் கீறி எடுத்து, பெயிண்ட் ஏற்கும் நெகிழ்வான சீலன்டை நிரப்பி மேலே அடித்தால் போதும்.

அசைந்தால் சீலன்டும் பட்டியும் வீண். மர ரெயிலிங்கில் முதலில் ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள். சுழன்றுகொண்டே இருந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது. பசை தடவிய மரக்குச்சியால் அடைத்து, காய்ந்த பின் புதிதாக முடுக்கலாம். ஒரே ஒரு கம்பி ஆடினால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். தூணே ஆடினால் தச்சர்தான் வர வேண்டும். இரும்பில் வெல்டிங்கை ஒட்டி முடி அளவில் துருக்கோடு ஓடினால் அது பெயிண்ட் விரிசல் இல்லை, இணைப்பே விட்டிருக்கிறது. வெல்டரிடம் சொல்லும்போது ஜிஐ குழாய் என்றால் அதையும் சொல்லுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் சுற்றியுள்ள பெயிண்ட் கருகும் என்பதால் அந்த வேலை முடிந்து, கருகியதைச் சுரண்டி, பிரைமர் வைத்த பிறகே பெயின்டருக்குத் தேதி கொடுங்கள். அதுவரை ஆடும் பகுதியில் கண்ணில் படும்படி ஒரு துணியைக் கட்டிவைத்து, அதில் சாய வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும்.